மகன் கொலை வழக்கில் சிறையில்: நான் எங்கே தவறினேன்?

கேள்வி: என் மகனுக்கு 20 வயது. நான்கு மாதங்களுக்கு முன் நடந்த ஒரு தகராறில் அவன் கத்தியால் குத்தியதில், அவன் வயதே உள்ள ஒரு பையன் இறந்துவிட்டான். மகன் இப்போது சிறையில். விசாரணை இன்னும் தொடங்கவில்லை. அவன் அப்படிச் செய்யக்கூடியவனே இல்லை; கூட இருந்தவர்கள் ஏற்றிவிட்டிருக்க வேண்டும். ஆனால் போன வருடம் தங்கையின் கையை வீங்கும் அளவுக்கு முறுக்கினான். அப்போது, "அண்ணன்தானே, வெளியே சொல்லாதே" என்று அவளை அடக்கியவள் நான்தான். அவளுக்கு 15 வயது. இப்போது பள்ளிக்குப் போக மறுக்கிறாள். கணவர் மகன் பெயரைக்கூட எடுப்பதில்லை. நான் மட்டும் வாரம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். இறந்த பையனின் அம்மாவை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்கலாமா? இத்தனைக்குப் பிறகும் அவன்மேல் பாசம் குறையாதது தப்பா? நான் எங்கே தவறினேன்? சில நாள் விடியவே வேண்டாம் என்றிருக்கிறது.
- பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்

பதில்: உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறோம். "விடியவே வேண்டாம்" என்பது அலுப்பில் வருகிற பேச்சாக இருக்கலாம். சாக வேண்டும் என்ற எண்ணமாகவும் இருக்கலாம். எப்படி, எப்போது என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்திருந்தால், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு இன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். தனியாகப் போகாதீர்கள், யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டில் இருக்கும் மாத்திரைகளை வேறொருவர் பொறுப்பில் விடுங்கள். அந்த அளவுக்கு இல்லை, ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமும் பசியும் இல்லை என்றாலும் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். அங்கே மகன் விஷயத்தை மறைத்துத் "தூக்கம் வரலை" என்று மட்டும் சொன்னால், தூக்க மாத்திரையோடு திரும்பி வருவீர்கள்.

பாசம் தப்பில்லை. உங்களுக்கும் ஒரு பிள்ளை கையைவிட்டுப் போயிருக்கிறான்; ஆனால் துக்கம் விசாரிக்க உங்கள் வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள். ஊர் துக்கமாகவே ஒப்புக்கொள்ளாத துக்கம் என்று ஒன்று உண்டு என்பதை 1980-களின் இறுதியிலேயே கென்னத் டோக்கா என்ற ஆய்வாளர் விளக்கினார். வெளியே அழ முடியாததால் அது உள்ளுக்குள் குற்ற உணர்வாகவோ கோபமாகவோ திரும்பும் என்பதே அதில் உள்ள சிக்கல். உங்கள் கணவரின் மௌனமும் அந்த வகைதான் என்று தோன்றுகிறது. அவரைச் சிறைக்கு இழுக்க வேண்டாம். வழக்குச் செலவு, வீடு, மகள் ஆகிய மூன்றைப் பற்றி மட்டும் வாரத்தில் ஒருமுறை அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினால் இப்போதைக்குப் போதும்.

ஆனால் பாசம் வேறு, சப்பைக்கட்டு வேறு. "அவன் செய்யக்கூடியவனே இல்லை" என்ற உங்கள் வரியைத்தான் சொல்கிறோம். 1999 ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் இரண்டு மாணவர்கள், 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் சுட்டுக் கொன்றுவிட்டுத் தங்களையும் சுட்டுக்கொண்டார்கள். அவர்களில் ஒருவனின் தாய் சூ கிளீபோல்ட். மகனை யாரோ ஏமாற்றியோ மிரட்டியோ இதில் இழுத்துவிட்டிருக்க வேண்டும் என்றே அவர் மாதக்கணக்கில் நம்பினார். அக்டோபர் மாதம், அந்த இருவரும் முன்கூட்டியே எடுத்து வைத்திருந்த வீடியோக்களைக் காவல்துறை பெற்றோருக்குப் போட்டுக் காட்டியது. மகன் வெறுப்போடு பேசுவதை அதில் பார்த்தபோதுதான் அந்த நம்பிக்கை உடைந்தது. அவர் மீண்டும் முதல் நாளிலிருந்து துக்கப்பட வேண்டியதாயிற்று.

உங்கள் மகன் விஷயத்தில் உண்மை என்ன என்பதை நீதிமன்றம்தான் சொல்லும். ஆனால் "நீ செஞ்சிருக்க மாட்டே" என்று நீங்கள் அவனிடம் ஒவ்வொரு வாரமும் சொன்னால், செய்திருக்கும் பட்சத்தில் அவன் உங்களிடம் வாய் திறக்க வழியே இல்லாமல் போகும். "நீ என் பிள்ளையே இல்லை" என்பதும் அதே கதவைத்தான் சாத்தும். "நான் வந்துகொண்டே இருப்பேன். உனக்காகப் பொய் சொல்ல மாட்டேன்" என்று ஒரு தடவை தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, பலர் சறுக்கும் இடம். "ஏன்டா செஞ்சே?" என்று சிறைச் சந்திப்பில் இப்போது கேட்காதீர்கள். வழக்கறிஞரிடம் அவன் பேசுவதற்கு ரகசியப் பாதுகாப்பு உண்டு. தாயிடம் பேசுவதற்கு பெரும்பாலான நாடுகளில் அது கிடையாது. சந்திப்பு அறைப் பேச்சும் தொலைபேசிப் பேச்சும் பதிவாகலாம், கடிதங்கள் பிரித்துப் படிக்கப்படலாம். அவன் சொன்னதை வைத்தே நாளைக்கு உங்களைச் சாட்சிக்கூண்டில் ஏற்றலாம். தூக்கம், சாப்பாடு, மருந்து, அறையில் கூட இருப்பவர்கள், படிக்கிற புத்தகம் என்று பேச நிறைய இருக்கிறது. அவன் அறையைச் சுத்தம் செய்கிறேன் என்று துணி, கைபேசி, நோட்டு எதையும் துவைக்கவோ அழிக்கவோ தூக்கிப்போடவோ கூடாது. அது தனிக் குற்றமாகும். அவனுக்குச் சாதகமான தடயமும் அதில் போய்விடலாம். சாட்சிகளிடம் "சும்மா பேசிப் பார்க்கிறேன்" என்று போனால் அது மிரட்டலாகப் பதிவாகும். சமூக ஊடகத்தில் என்ன எழுதினாலும் பதில் போடாதீர்கள்.

நீங்கள் போவது வீண் இல்லை. சிறையிலிருந்து விடுதலையான 16,000-க்கும் மேற்பட்டவர்களை அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் தொடர்ந்து கவனித்து, 2011-ல் ஓர் ஆய்வு வெளியானது. உள்ளே இருந்தபோது யாராவது வந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மறுபடி பெரிய குற்றத்தில் தண்டனை பெறுவது 13 சதவீதம் குறைவாக இருந்தது.

"நான் எங்கே தவறினேன்?" இதை ராத்திரி படுக்கையில் கேட்டால் பதில் கிடைக்காது, சித்திரவதைதான் கிடைக்கும். 1975-ல் பாரூக் ஃபிஷாஃப் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். 1814-ல் ஆங்கிலேயருக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த சண்டையைப் பற்றிய ஒரே குறிப்பை வெவ்வேறு குழுக்களுக்குக் கொடுத்தார். ஒரு குழுவிடம் ஆங்கிலேயர் வென்றதாகவும், இன்னொன்றிடம் கூர்க்காக்கள் வென்றதாகவும் சொன்னார். எந்த முடிவைச் சொன்னாலும், அதைக் கேட்டவர்களுக்கு அதுவே நடக்கக்கூடியதாகத் தெரிந்தது. முடிவு தெரிந்ததால்தான் அப்படித் தோன்றுகிறது என்பது அவர்களுக்குப் புரியவே இல்லை. உங்கள் மனமும் இப்போது அதைத்தான் செய்கிறது. அவன் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்ததெல்லாம் இன்றைக்கு அறிகுறியாகத் தெரிகிறது. அப்படி உட்காராத 20 வயதுப் பையன் யார்?

ஆகவே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, வாரத்தில் இரண்டு நாள், பகலில், அரை மணி நேரம் எழுதுங்கள். எழுதுவதற்கு முன் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நோட்டும் கேட்டு வாங்கப்படலாம். ஒவ்வொரு சம்பவத்துக்கும் நான்கு விஷயம்: என்ன பார்த்தேன், எப்போது, அன்றைக்கு எனக்கு என்ன தெரியும், என்ன செய்தேன். 'அன்றைக்கு' என்பதில் கறாராக இருங்கள். எழுத எழுத, பெரும்பாலானவை உங்கள் கண்ணில் படாதவையாகவோ, அந்த வயதில் யாரும் பெரிதாக எடுக்காதவையாகவோ இருக்கும். மிச்சம் கொஞ்சம், பார்த்தும் பாராமல் விட்டவை. உங்கள் பொறுப்பு என்பது அந்த மிச்சம்தான். அதைவிடப் பெரிதாக்கவும் வேண்டாம், 'எல்லாம் விதி' என்று கரைத்துவிடவும் வேண்டாம்.

அதில் ஒன்றை நீங்களே கடிதத்தில் எழுதிவிட்டீர்கள். மகளின் வீங்கிய கை.

நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டிய முதல் ஆள் உங்கள் வீட்டிலேயே இருக்கிறாள். அவளிடம் கேட்க எந்த வழக்கும் முடியக் காத்திருக்க வேண்டியதில்லை. "அவன் உன் கையை முறுக்கினப்ப நான் உன் பக்கம் நிக்கலை. வெளியே சொல்லாதேன்னு உன்னை அடக்கினேன். அது என் தப்பு" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அழுது அவளை உங்களுக்கு ஆறுதல் சொல்ல வைக்காதீர்கள். வேறு ஏதாவது நடந்ததா என்று ஒரு தடவை கேளுங்கள். சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். சொல்லாவிட்டால், வீட்டுக்கு வெளியே அவள் பேச ஒரு உளவியல் ஆலோசகரை ஏற்பாடு செய்யுங்கள். அண்ணனைப் பார்க்க அவள் வர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பள்ளிக்கு ஒரேயடியாக அனுப்பாமல் அரை நாளில் ஆரம்பிக்கலாம். விஷயம் தெரிந்த ஓர் ஆசிரியர், மனம் கலங்கினால் போய் உட்கார ஓர் இடம், யாராவது கேட்டால் "அதைப் பத்தி நான் பேசறதில்லை" என்ற ஒரே பதில், இம்மூன்றும் முதலிலேயே தயாராக இருக்கட்டும். அண்ணன் செய்ததற்கு ஈடாக இவள் நல்ல பெண்ணாக இருந்து காட்ட வேண்டும் என்ற பாரத்தை யாரும், நீங்கள் உட்பட, ஏற்றிவிடக் கூடாது.

இனி அந்தத் தாய். இப்போது போகாதீர்கள். வழக்கு நடக்கும்போது நீங்கள் அவர் வாசலில் நின்றால் சாட்சியைக் கலைக்க வந்ததாகத்தான் பார்க்கப்படும். அதைவிட முக்கியம், அந்தக் கதவைத் திறக்கவா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை அவருடையது. 2006-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஆமிஷ் என்ற கிறிஸ்தவச் சமூகத்தின் பள்ளி ஒன்றில் 5 சிறுமிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவனின் தாய் டெரி ராபர்ட்ஸ், படுகாயமடைந்த ஒரு சிறுமியைப் பார்த்துக்கொள்ள வாராவாரம் போய்க்கொண்டிருந்தார். ஆனால் முதலில் கை நீட்டியது பறிகொடுத்த பக்கம்தான். எல்லோரிடமும் அதை எதிர்பார்க்க முடியாது, எதிர்பார்க்கவும் கூடாது.

வழக்கு முடிந்த பிறகு ஒரு பக்கத்துக்குள் கடிதம் எழுதலாம். இறந்த பையனின் பெயர் அதில் இருக்க வேண்டும். என்ன நடந்தது என்பது 'அந்தத் துயரச் சம்பவம்' என்று பூசி மெழுகாமல் நேராக இருக்க வேண்டும். "ஆனால்" என்று ஒரு வாக்கியமும் தொடங்கக் கூடாது. மன்னிக்கச் சொல்லிக் கேட்கக் கூடாது, பதிலும் கேட்கக் கூடாது, பண உதவிப் பேச்சும் கூடாது. "நானும் ஒரு தாய்தான்" என்று எழுதக் கை வரும், அடித்துவிடுங்கள். உங்களால் வாரம் ஒருமுறை மகனைப் பார்க்க முடிகிறது. கடிதத்தைத் தபாலில் போடாமல் வழக்கறிஞர் மூலமோ, பாதிக்கப்பட்டவரையும் குற்றம் செய்தவரையும் சந்திக்க வைக்கும் அமைப்பு இருந்தால் அதன் மூலமோ, அவர்கள் வேண்டும் என்றால் மட்டும் தரச் சொல்லி ஒப்படையுங்கள். அப்படிப்பட்ட சந்திப்புகள் 1974-ல் கனடாவின் கிச்சனர் நகரில் தொடங்கி இன்று பல நாடுகளில் நடக்கின்றன. இரு தரப்பையும் தனித்தனியாகப் பலமுறை பார்த்துத் தயார்ப்படுத்திய பிறகே நேரில் உட்கார வைப்பார்கள். செய்ததை ஒப்புக்கொள்ளாதவனை அதில் சேர்ப்பதில்லை.

நீதிமன்ற நாட்களில் அந்தக் குடும்பம் அதே தாழ்வாரத்தில்தான் நிற்கும். முன்னதாகப் போய், அவர்கள் பார்வையில் படாத இடத்தில் உட்காருங்கள். பேச முயல வேண்டாம். தாங்க முடியாவிட்டால் கூட வந்தவரோடு வெளியே போய்விடுங்கள். மகனுக்கும் தீர்ப்பை ஒட்டிய நாட்கள் ஆபத்தானவை. சந்திக்க மறுப்பது, உடைமைகளைப் பிறருக்குக் கொடுப்பது, திடீரென்று அமைதியாகிவிடுவது, இவற்றில் எதைக் கண்டாலும் "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. முன்பு தன்னைக் காயப்படுத்திக்கொண்டதோ மனநல மருந்து சாப்பிட்டதோ உண்டென்றால், தேதியும் மருந்தின் அளவும் போட்டுச் சிறை மருத்துவருக்கு இப்போதே எழுதிக் கொடுத்து, ஒரு பிரதியை வழக்கறிஞரிடமும் வையுங்கள்.