காலிஃபிளவர் பீட்சா: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

மைதாவுக்குப் பதிலாகக் காய்கறியில் அடித்தளம் செய்து, மாவுச்சத்து குறைந்த பீட்சாவை வீட்டிலேயே தயாரிப்பது பற்றி நம் சமையல் குழுவினர் கேட்டிருந்தவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். நாகர்கோவிலில் என் வீட்டு அடுப்பில் பல ஆண்டுகள் செய்து பார்த்து உறுதியானதை மட்டுமே சொல்கிறேன்.

அக்கா, அளவுகளில் ஒன்றும் குறைக்கவில்லை. ஆனாலும் அடித்தளம் நடுவில் கூழாக இருக்கிறது. கையில் எடுத்தால் உடைகிறது. எங்கே தவறுகிறேன்? (மார்த்தாண்டம்)

தவறு நீரில் இருக்கிறது, தங்கையே. காலிஃபிளவரின் எடையில் 90 விழுக்காட்டுக்கும் மேல் நீர்தான். அதை வெளியேற்றாமல் அடுப்பில் வைத்தால் அடித்தளம் சுடுவதில்லை, தன் நீரிலேயே வேகிறது. அரை கிலோ பூவைத் துருவி, எண்ணெய் விடாமல் அகன்ற வாணலியில் மிதமான தீயில் எட்டு நிமிடம் வதக்கி, தட்டில் பரப்பி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். பிறகு நன்றாகத் துவைத்த பருத்தித் தோர்த்தில் கொட்டி, மூட்டையாகக் கட்டி முறுக்குங்கள். முதலில் நீர் ஒழுகும், பிறகு சொட்டும். சொட்டுவதும் நின்றவுடன் வேலை முடிந்துவிட்டது என்று பெரும்பாலோர் மூட்டையைப் பிரித்துவிடுகிறார்கள். அவ்வாறு செய்யாமல், உள்ளே இருப்பதை உதிர்த்துவிட்டு மறுபடி கட்டி முறுக்கினால், இனி இல்லை என்று நினைத்த இடத்திலிருந்து இன்னும் கால் டம்ளர் நீர் வரும். அந்த இரண்டாவது முறுக்கலை அவசரத்தில் விட்டுவிட்ட நாள்களில் எனக்கும் உடைந்த பீட்சாதான் கிடைத்திருக்கிறது.

பதம் தெரிந்துகொள்வதற்கு நம் ஊர்க் கைகளுக்கு எளிய வழி ஒன்று உண்டு. புட்டுக்கு மாவு விரவும்போது பார்ப்பதுபோல, பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், விரலால் தொட்டால் உதிர வேண்டும். உள்ளங்கையில் ஈரம் ஒட்டக் கூடாது. அதன் பிறகே ஒரு முட்டை, துருவிய மொசரெல்லா சீஸ் 50 கிராம், அரைத் தேக்கரண்டி நல்லமிளகுத் தூள் ஆகியவற்றைச் சேர்த்துப் பிசையுங்கள். உப்பு காயிலிருந்து நீரை இழுக்கும் என்பதால், அதைத் தட்டுவதற்குச் சற்று முன்பு போடுவது நல்லது. பேக்கிங் தாளின் மேல் அரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான கனத்தில், ஓரம் மெலிந்துவிடாமல் வட்டமாகத் தட்டி, 200 டிகிரி செல்சியஸில் 20 முதல் 25 நிமிடம் சுட்டு, திருப்பிப் போட்டு இன்னும் 5 நிமிடம் வையுங்கள். ஓரம் பொன்னிறமாகி, தாளிலிருந்து தானாகக் கழன்று வந்த பிறகுதான் மேலே எதையும் பரப்ப வேண்டும்.

எங்கள் வீட்டில் ஓவன் இல்லை. தோசைக்கல்லில் முடியுமா? (குலசேகரம்)

முடியும். கனமான இரும்புக் கல்லில் எண்ணெய் தடவி, குறைந்த தீயில், மூடாமல் சுடுங்கள். மூடினால் ஆவி திரும்ப விழுந்து, நீங்கள் பிழிந்த பாடு வீணாகிவிடும். ஒரு பக்கம் 10 நிமிடமாவது ஆக வேண்டும். அடி நன்றாகச் சிவக்கும் முன் தோசைத் திருப்பியை உள்ளே விடாதீர்கள். திருப்பிச் சுட்ட பின் சீஸைத் தூவி, அது உருகுவதற்காக மட்டும் இரண்டு நிமிடம் மூடிவையுங்கள்.

மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) எங்கள் தோட்டத்திலேயே கிடைக்கிறது. அதுவும் காய்கறிதானே, அதில் செய்தால் என்ன? சக்கையிலும் (பலாவிலும்) செய்யலாமா? (தக்கலை)

சுவையாக வரும், ஆனால் நோக்கம் நிறைவேறாது. பச்சை மரச்சீனியில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 38 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. காலிஃபிளவரிலோ 5 கிராம் அளவுதான், அதிலும் 2 கிராம் நார்ச்சத்து. திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா மரச்சீனிப் பயிரை ஊக்குவித்ததே, அரிசி தட்டுப்படும் காலத்தில் அது மக்களின் வயிற்றை நிறைக்கும் என்பதால்தான். வயிற்றை நிறைத்த அந்த மாவுச்சத்தைத்தான் நாம் இங்கே குறைக்கப் பார்க்கிறோம். ஏத்தங்காய்க்கும் (நேந்திரங்காய்க்கும்) இதே பதில். இடிச்சக்கையில் (பிஞ்சுப் பலாவில்) மாவு குறைவு என்பதால் வேகவைத்து, பிழிந்து, முயன்று பார்க்கலாம். விளைந்த சக்கைச் சுளை வேண்டாம். முட்டைக்கோசு நன்றாக அமையும். சுரைக்காயும் ஆகும், ஆனால் பிழிந்த பிறகு கைப்பிடியளவே மிஞ்சும்.

நாங்கள் முட்டை சாப்பிடுவதில்லை. (சுசீந்திரம்)

சூட்டில் இறுகி எல்லாவற்றையும் பிணைப்பது முட்டையின் வேலை. அதற்குப் பதிலாக ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி நீரில் கலந்து, பசைபோல் ஆனதும் சேர்த்து, கூடவே இரண்டு தேக்கரண்டி இசப்கோல் தூவிப் பிசைந்து, கால் மணி நேரம் வையுங்கள். முட்டை போட்டதைப் போல் மொறுமொறுப்பாக வராது, ஆனால் உடையாது. வட்டத்தைச் சிறிதாகத் தட்டினால் திருப்புவது எளிது.

என் தந்தைக்குச் சர்க்கரை நோய். இதைத் தாராளமாகச் சாப்பிடலாமா? (இரணியல்)

கணக்கைச் சொல்கிறேன். அரை கிலோ காலிஃபிளவரில் மொத்தம் 25 கிராம் மாவுச்சத்து, அதில் நார் 10 கிராம். அதே அளவு வட்டத்துக்கு 150 கிராம் மைதா எடுத்தால் 110 கிராமைத் தாண்டிவிடும். வேறுபாடு பெரியது என்பதாலேயே கவனமும் தேவை. இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர் உணவில் மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால், இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடக்கூடும். ஆகவே அவருடைய மருத்துவரிடம் சொல்லிவிட்டு, வாரத்தில் ஓரிரு வேளை என்று தொடங்குங்கள். சீஸில் உப்பும் கொழுப்பும் உண்டு என்பதால் ‘தாராளமாக’ என்று நான் சொல்ல மாட்டேன். கடையில் வாங்கும் தக்காளிச் சாஸ் பலவற்றில் சர்க்கரை சேர்த்திருக்கிறார்கள். நான்கு தக்காளியை இரண்டு பல் பூண்டுடன் வதக்கி, கரண்டியில் எடுத்தால் வழியாத அளவுக்குச் சுண்டவைத்த விழுது போதும்.

மேலே மீன் வைக்கலாமா? (குளச்சல்)

குளச்சலில் இருந்துகொண்டு வைக்காமல் இருக்கலாமா! சூரை மீனை மஞ்சள், உப்பு, நல்லமிளகு சேர்த்து நீர் வற்ற வேகவைத்து, உதிர்த்துப் பரப்புங்கள். பச்சை மீனை நேரடியாக வைத்தால் அதன் நீர் அடித்தளத்தில் இறங்கிவிடும். வெங்காயம், குடமிளகாய், காளான் எல்லாவற்றையும் அப்படியே முன்கூட்டி வதக்கிக்கொள்ள வேண்டும்.

முன்னதாகவே செய்து வைக்கலாமா? (தோவாளை)

மேலே எதுவும் பரப்பாமல், இரு பக்கமும் சுட்ட அடித்தளத்தை முழுவதும் ஆறவிட்டு, இடையிடையே தாள் வைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாள் வரை வைக்கலாம். உறைபெட்டியில் ஒரு மாதம் தாங்கும். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை பெய்யும் நாள்களில் வெளியே ஆறவைத்தால் ஈரக் காற்றில் நமுத்துவிடுகிறது. அப்போது தட்டில் வைக்காமல், கீழேயும் காற்றுப் போகும்படி கம்பி வலையில் வைத்து ஆறவிடுங்கள். எடுக்கும்போது உருகவிடாமல் நேராகச் சூடான கல்லிலேயே போடுங்கள்.