டாக்டர் பதில்கள்: வலி நின்றுவிட்டது, அப்புறம் என்ன பயம்?

கேள்வி: என் நண்பனுக்கு 27 வயது. பார்ட்டிகளில் கொகைன் எடுப்பான், கூடவே மதுவும். போன வாரம் நெஞ்சை அழுத்திப் பிடித்த மாதிரி வலி, வியர்த்துக் கொட்டியது. விஷயம் வெளியே தெரிந்துவிடும் என்று ஆஸ்பத்திரிக்கு வர மறுத்துவிட்டான். ஒரு மணி நேரத்தில் வலி நின்றுவிட்டது. இந்த வயதில் ஹார்ட் அட்டாக் எல்லாம் வருமா?

பதில்: வரும். ரத்தக்குழாயில் அடைப்பே இல்லாதவருக்கும் வரும். கொகைன் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றி இதயத்தைச் சக்கையாகப் பிழியும், அதே நேரத்தில் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களைச் சுருக்கும், ரத்தத்தை உறையவும் தூண்டும். எடுத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் சுமார் 24 மடங்கு என்று 1999இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. மதுவும் சேர்ந்தால் கல்லீரலில் கோகாஎத்திலீன் என்று இன்னொன்று உருவாகி, கொகைனைவிட நீண்ட நேரம் உடம்பில் தங்கும்.

வலி நின்றதை நம்பாதீர்கள், இப்போதாவது அவனை ஓர் இசிஜி எடுக்கச் சொல்லுங்கள். மறுபடி வந்தால் உடனே ஆம்புலன்ஸ்தான். ஆஸ்பத்திரியில் இசிஜியும், இதயத் தசை பாதிக்கப்பட்டதா என்று காட்டும் டிரோபோனின் ரத்தப் பரிசோதனையும் எடுப்பார்கள். சந்தேகம் குறைவாக இருந்தாலும் 9 முதல் 12 மணி நேரம் வைத்துக் கவனிப்பது வழக்கம். எடுத்ததை டாக்டரிடம் மறைக்கவே கூடாது, ஏனென்றால் சிகிச்சையே மாறுகிறது: படபடப்பையும் அழுத்தத்தையும் இறக்க முதலில் லோரசெபாம், டயாஸெபாம் மாதிரி மருந்துகள், அப்புறம் குழாயை விரிக்கும் நைட்ரோகிளிசரின். மாரடைப்புக்கு வழக்கமாகத் தரும், இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்தைப் போதை இறங்காத நேரத்தில் பல டாக்டர்கள் தவிர்ப்பார்கள், குழாய்ச் சுருக்கம் கூடிவிடலாம் என்பதால். ஆஸ்பிரினையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். முதுகுவரை கிழிக்கிற மாதிரி வலி என்றால், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியே கிழிந்திருக்கலாம், அப்போது ஆஸ்பிரின் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.

கேள்வி: கொகைன் எடுத்தவர் உடம்பு அனலாகக் கொதித்து, பிதற்றி, அடிக்க வந்தால்? கட்டிப்போட்டு பாராசிட்டமால் கொடுக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். அமுக்கினால் திமிறுவார், சூடு இன்னும் ஏறும், தசை சிதைந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். இது கிருமிக் காய்ச்சல் இல்லை, பாராசிட்டமாலுக்கு இறங்காது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, துணியைத் தளர்த்தி, உடம்பில் தண்ணீர் தெளித்து விசிறுங்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். கொகைனுக்கு மாற்று மருந்து கிடையாது. ஆனால் ஆள் சொக்கி விழுந்து மூச்சு குறைந்தால் அது ஃபென்டனில் என்ற வீரியமான ஓபியாய்டு கலப்படமாக இருக்கலாம், கையில் அதற்கு மாற்று மருந்தான நலாக்சோன் இருந்தால் யோசிக்காமல் கொடுங்கள்.