கேப்டன் சொன்னதை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்

அமெரிக்காவில் பெரிய விமான நிறுவனங்களுக்காகச் சிறிய ஜெட் ஓட்டும் துணை நிறுவனம் ஒன்றில் விமானியாகச் சேர்ந்த உங்களை, "உங்களை மாதிரி குறைந்த சம்பளத்துக்கு வர்றவங்களாலதான் எங்க எல்லார் சம்பளமும் இறங்குச்சு" என்று ஒரு மூத்த கேப்டன் திட்டியதாக எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கனத்துவிட்டது. அவர் சொன்னது நியாயமே இல்லை.

2001-க்குப் பிறகு பெரிய விமான நிறுவனங்கள் வரிசையாகத் திவாலாகி, நீதிமன்றத்தைக் காட்டியே விமானிகளின் சம்பள ஒப்பந்தங்களை வெட்டின. ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கி 155 பேரையும் காப்பாற்றிய கேப்டன் சல்லன்பர்கர், அடுத்த மாதமே நாடாளுமன்றக் குழுவிடம் தன் சம்பளம் 40 சதவீதம் போனதைச் சொன்னார். 2009-இல்! அப்போது நீங்கள் பள்ளியில் இருந்திருப்பீர்கள்.

வேறு நிறுவனம் மாறினால் பணிமூப்பு போய், அடிமட்டத்திலிருந்து தொடங்கணும். விமானிகள் எளிதில் வெளியேற மாட்டார்கள் என்று நிர்வாகத்துக்கு நன்றாகத் தெரியும். அந்த தைரியத்தில்தான் சம்பளத்தை வெட்டினார்கள்.

விமானிகள் சங்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. சிறிய ஜெட்களை உங்களுடையது போன்ற நிறுவனங்களுக்குக் கொடுக்கலாம் என்று இடம் கொடுத்தது மூத்த விமானிகள் ஓட்டுப் போட்ட ஒப்பந்தங்கள்தான். உங்கள் வேலையே அப்படிப் பிறந்ததுதான்.

தலைகுனியாமல் பறங்கள். அடுத்த ஒப்பந்த ஓட்டெடுப்புக்கு முன் முழு வரைவையும் வாங்கிப் படியுங்கள், குறிப்பாக முதல் வருடச் சம்பளப் பக்கத்தை.