தீவுப் படம் தெரிகிறது, அழுத்தினால் ஏன் வேலை செய்வதில்லை?
மண்டபம் பள்ளிக் கண்காட்சிக்கான மன்னார் வளைகுடா வரைபடம், அடோபி அனிமேட் என்ற அசைபட மென்பொருளில், பழைய நிரல்மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்டிலிருந்து பிரவுசரில் ஓடும் எச்டிஎம்எல்5 கேன்வாஸுக்கு மாற்றியது. குருசடைத் தீவை அழுத்தினால் அடுத்த தீவு வருகிறது. பென்டிரைவிலிருந்து திறந்தால் அழுத்துவதே எடுபடவில்லை. இதுதானே கேள்வி?

முதலாவது, தீவு மாறி வருவது, சின்ன விஷயம். ஆக்‌ஷன்ஸ்கிரிப்டில் பிரேம் (காட்சிச் சட்டம்) எண் 1-இல் தொடங்கும், கேன்வாஸில் 0-இல். ஒன்றைக் கழியுங்கள். 21 தீவுக்கும் எண்ணைக் கட்டி அழுவதைவிட ஒவ்வொரு பிரேமுக்கும் ஒரு பெயர், அதாவது பிரேம் லேபிள், வைப்பதே மேல்.

இரண்டாவது, அழுத்துவது எடுபடாததுதான், படுத்தும். கோப்பை நேரடியாகத் திறந்தால் பிரவுசர் படத்தைக் காட்டும், ஆனால் அதன் பிக்சலைப் படிக்க ஸ்கிரிப்டை விடாது. எந்தத் தீவை அழுத்தினீர்கள் என்று கண்டுபிடிக்க கிரியேட்ஜேஎஸ் (கேன்வாஸ் கோப்பை இயக்கும் நிரல் தொகுப்பு) நம்பியிருப்பது அந்தப் பிக்சலைத்தான். பிரவுசரின் பிழைச் செய்திகள் வரும் கன்சோலைத் திறந்தால் செக்யூரிட்டி எரர் சிவப்பாக நிற்கும். கண்காட்சிக் கணினியிலேயே ஒரு லோக்கல் சர்வரை (கோப்புகளைப் பிரவுசருக்கு வழங்கும் நிரல்) ஓட்டி, அதன் வழியே திறங்கள். இதற்கு இணையம் வேண்டாம், கடற்கரையில் சிக்னல் தேடி அலையவும் வேண்டாம்.