டெக்சாஸில் மேனுஃபேக்சர்டு ஹோம் (தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து நிலத்தில் நிறுத்தும் வீடு) வாங்கக் கையெழுத்துப் போட்ட பிறகு, டீலர் அதை நிறுத்தித் தரத் தனியாக செட்டப் கட்டணம் கேட்கிறார். கட்டித்தான் ஆக வேண்டுமா?

ஒப்பந்தத்தில் அந்தச் செலவு உங்கள் பொறுப்பு என்று எழுதியிருந்தால் ஒழிய, கட்ட வேண்டியதில்லை. ஆனால் டீலர் நீட்டும் பில்லில் இருப்பது எல்லாமே அநியாயம் என்றும் சொல்லிவிட முடியாது. எது டீலர் ஏற்கெனவே விலையில் வாங்கிக்கொண்ட வேலை, எது நிஜமாகவே உங்கள் நிலத்தின் செலவு என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம் நேரம். லோன் கம்பெனி டீலருக்குப் பணத்தை விடுவிக்கும் முன்பு கேட்டால் உங்கள் கை ஓங்கியிருக்கும். விடுவித்த பிறகு கேட்டால் டீலர்கள் போனையே எடுப்பதில்லை.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால்: சொந்த நிலம், புது டபுள் வைடு (இரண்டு பாதிகளாக வந்து இணைக்கப்படும் வீடு), விலைக்குள் டெலிவரியும் இன்ஸ்டலேஷனும் அடக்கம் என்று ஒப்பந்தம். வீடு வரப்போகும் நேரத்தில் ஃபவுண்டேஷன், ஆங்கர் (வீட்டைத் தரையோடு பிடித்துக் கட்டுவது), டிரிம் அவுட் (உள் இணைப்பு வேலை), சைட் வொர்க் (நில வேலை) என்று நான்கே வரிகளில் 14,600 டாலருக்கு ஒரு தாள். கையெழுத்துப் போட்டால் லோனிலேயே சேர்த்துவிடலாம் என்கிறார் டீலர்.

ஆஸ்டினுக்குக் கிழக்கே நாங்கள் வீடு வாங்கியபோதும் இதே மாதிரி ஒரு தாள் வந்தது. அதிலும் விவரம் கிடையாது. ‘ஃபவுண்டேஷன் அப்கிரேட்’ என்று ஒரு வரி, எதிரில் ஒரு முழு எண். வீட்டடியில் எத்தனை தூண், என்ன ஆங்கர், யார் செய்கிறார்கள், எந்த பில்லின்படி என்று ஒன்றுமே இல்லை. நான் திருப்பி அனுப்பிய மின்னஞ்சலில் கேட்டது ஒன்றுதான்: ஒவ்வொரு வரியும் இன்ஸ்டலேஷனுக்குள் வருமா, வராதா? வராது என்றால் ஏன்? எழுத்தில் சொல்லுங்கள்.

இந்தக் கேள்விக்குப் பின்னால் சட்டம் இருக்கிறது. டெக்சாஸில் இந்த வீடுகளுக்கான சட்டம் ஆக்குபேஷன்ஸ் கோடு 1201-ஆம் அத்தியாயம். அதில் இன்ஸ்டலேஷன் என்றால் என்ன என்பதற்கு விளக்கமே உண்டு: அஸ்திவார அமைப்பைக் கட்டுவது, வீட்டை அதன்மேல் வைப்பது, கட்டைகள் கொடுத்துத் தாங்குவது, மட்டம் பார்ப்பது, ஆங்கர் போட்டு இறுக்கிக் கட்டுவது, இரண்டு பாதிகளையும் சரியாக இணைப்பது, சில்லறைச் சரிசெய்தல்கள். ஆகவே ஒப்பந்தத்தில் இன்ஸ்டலேஷன் அடக்கம் என்று இருந்தால், ஆங்கருக்குத் தனி பில் போடுவது ஒரே வேலைக்கு இரண்டு தடவை காசு கேட்பதுதான். டபுள் வைடின் இரு பாதிகள் சேரும் இடத்தை மேரேஜ் லைன் என்பார்கள். அதை ஒட்டுவது, மேலே கூரை முகட்டை மூடுவது எல்லாம் ‘சரியாக இணைப்பது’ என்பதில் அடங்கும். உள்ளே டிரைவால் பட்டி பார்த்து, கார்ப்பெட்டை இணைக்கும் டிரிம் அவுட் வேலையில் மட்டும் சிலர் வாதாடுவார்கள். ஒப்பந்தத்தில் அதைத் தனியாக விலக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். விலக்கவில்லை என்றால் விடாதீர்கள். உள்ளே நடுவில் இணைப்புக் கோடு தெரிகிற வீட்டை முடிந்த வீடு என்று யாரும் விற்பதில்லை.

தூண் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அதிகம் பணம் பிடுங்கப்படுவது இங்கேதான். “உங்கள் மாடலுக்குக் கூடுதல் தூண்கள் தேவைப்படுது சார்” என்பார்கள். ஒவ்வொரு வீட்டோடும் உற்பத்தியாளரின் இன்ஸ்டலேஷன் கையேடு வரும். மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை வைத்து எத்தனை அடிக்கு ஒரு தூண், எங்கெங்கே ஆங்கர் என்று அதில் அட்டவணை இருக்கும். மேரேஜ் லைனில் பெரிய திறப்புகள் வரும் இடம், வெளிச்சுவரில் அகலமான கதவு வரும் இடம் போன்றவற்றில் தூண் எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தொழிற்சாலையிலேயே வீட்டில் குறியிட்டு அனுப்புகிறார்கள். எங்கள் வீடு வந்து இறங்கியதும் ஓரமாகக் குனிந்து பார்த்தேன். வீட்டின் அடிச் சட்டகத்தின் விளிம்பில் பெயின்ட் குறிகள் வரிசையாக இருந்தன. ஆர்டர் கொடுத்த அன்றே தெரிந்த எண்ணிக்கை அது. நடுவழியில் புதிதாக முளைக்க வழியில்லை. கையேட்டின் பிரதியைக் கேளுங்கள். எந்தப் பக்கத்தின்படி கூடுதல் தூண் என்று காட்டச் சொல்லுங்கள்.

காற்று மண்டலமும் இப்படித்தான். 1992-ல் ஆண்ட்ரூ புயல் ஃபுளோரிடாவில் இந்த வீடுகளைச் சூறையாடிய பிறகு, 1994-ல் மத்திய வீட்டு வசதித் துறையான ஹட் காற்று விதிகளை இறுக்கியது. நாடு முழுவதும் மூன்று மண்டலங்கள். கால்வெஸ்டன் மாதிரி கடலோரக் கவுண்டிகள் இரண்டாம் மண்டலம். உங்கள் கவுண்டி எந்த மண்டலம் என்பது வீடு ஆர்டர் ஆகும்போதே முடிவாகிவிடும். வீட்டுக்குள் ஒட்டியிருக்கும் டேட்டா பிளேட் என்ற விவரத் தாளிலும் அச்சாகியிருக்கும். “காத்து ஜாஸ்தி, அதனால் எக்ஸ்ட்ரா ஆங்கர்” என்று இப்போது சொன்னால் ஏற்காதீர்கள்.

இனி உங்கள் பக்கத்துச் செலவு. மரம் வெட்டுவது, லாரி உள்ளே வரப் பாதை போடுவது, வீடு நிற்க மண் மேடை, செப்டிக், தண்ணீர் லைன், மின்சார மீட்டர் கம்பம் இவை பொதுவாக வாங்குபவர் பொறுப்பு. டெக்சாஸில் ஒப்பந்தத்துக்கு முன்பே நிலத் தயாரிப்பு பற்றிய ஓர் அறிவிப்பைக் கொடுத்து உங்களிடம் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். அதைத் தேடி எடுங்கள், உங்களுக்குச் சாதகமா பாதகமா என்பது அதில்தான் தெரியும். ஆஸ்டினுக்கு மேற்கே தோண்டினால் சுண்ணாம்புப் பாறை, கிழக்கே வந்தால் மழைக்கு உப்பி வெயிலுக்குப் பிளக்கும் கரிசல் களிமண். சாதாரண செப்டிக்குக்கு மண் ஒத்துவராமல் ஏரோபிக் சிஸ்டம் (காற்று செலுத்திக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் அமைப்பு) போடச் சொன்னால் செலவு நிஜமாகவே எகிறும். அதற்கு டீலரைக் குறை சொல்ல முடியாது. ஏசி, படிக்கட்டு, ஸ்கர்ட்டிங் (வீட்டடியைச் சுற்றி மறைக்கும் தடுப்பு) மூன்றும் நடுவில் நிற்பவை, ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும்.

ஆனால் உங்கள் பொறுப்பு என்பதாலேயே டீலர் சொல்லும் தொகை சரியாகிவிடாது. பலர் கவனிக்காத இடம் இது. சைட் இம்ப்ரூவ்மென்ட் என்று மொத்தமாக ஒரு தொகையை ஒப்பந்தத்தில் போட்டுவிடுவார்கள். வேலையைச் செய்வது வெளி கான்ட்ராக்டர். அவர் டீலரிடம் வாங்குவது ஒரு தொகை, டீலர் உங்களிடம் வாங்குவது வேறு தொகை. கான்ட்ராக்டரின் அசல் பில்லைக் கேளுங்கள். அந்தத் தொகை அலவன்ஸ், அதாவது உத்தேசம் என்று எழுதியிருந்தால், மிச்சம் உங்களுக்குத் திரும்ப வேண்டும் அல்லது லோனில் குறைய வேண்டும். நிலையான விலை என்று எழுதியிருந்தால், செலவு கூடினாலும் அது டீலரின் பாடு. இரண்டில் எது என்று எழுதாமல் விடுவதுதான் வழக்கம். அதனால்தான் கையெழுத்துக்கு முன் கேட்டு ஒரு வரி எழுதி வாங்கச் சொல்கிறேன். செப்டிக், மண் வேலை போன்றவற்றுக்கு உள்ளூர் ஆட்களிடம் நீங்களே நேரடியாக விலை கேட்டு வையுங்கள். எங்களுக்கு மண் மேடைக்கு டீலர் சொன்ன தொகையில் ஏறக்குறைய பாதிக்கு உள்ளூர் டிராக்டர்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளைக் காட்டியதும் டீலர் அந்த வரியையே எடுத்துவிட்டார்.

லோனில் சேர்த்துக்கலாம் என்ற பேச்சுக்கு மட்டும் மசியாதீர்கள். 10,000 டாலரை 9 சதவீத வட்டியில் 20 வருடத்துக்குச் சேர்த்தால் மாதம் சுமார் 90 டாலர், கடைசியில் நீங்கள் கட்டி முடிப்பது சுமார் 21,600 டாலர். இந்த வீடுகளை வாங்குபவர்களில் பெரும்பாலோர் மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் குடும்பங்கள். அவர்களிடம் விவரமில்லாத ஒரு வரியைக் காட்டி இப்படிக் கறப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

உங்கள் லோன் எந்த வகை என்று பாருங்கள். நிலமும் வீடும் சேர்ந்த அடமானக் கடன் என்றால், லோன் எஸ்டிமேட் என்ற உத்தேசக் கணக்குத் தாளும், கடன் கையெழுத்தாவதற்கு மூன்று வேலை நாள் முன்பு குளோசிங் டிஸ்குளோஷர் என்ற இறுதிக் கணக்குத் தாளும் வந்தாக வேண்டும். செட்டப் தொகை அவற்றில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டை மட்டும் பிணையாக வைக்கும் சாட்டல் லோன் என்றால் அந்தத் தாள்கள் கட்டாயமில்லை. அப்போது ‘ஐட்டமைசேஷன் ஆஃப் அமவுன்ட் ஃபைனான்ஸ்டு’ வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். கடன் தொகையில் யாருக்கு எவ்வளவு போகிறது என்ற பட்டியல் அது. கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

இப்போது முதலில் சொன்ன நேரக் கணக்கு. பெரும்பாலான லோன் கம்பெனிகள் வீடு நிறுத்தி முடிந்து, நீங்கள் ‘வேலை திருப்திகரமாக முடிந்தது’ என்ற சான்றிதழில் கையெழுத்துப் போட்ட பிறகே டீலருக்குப் பணம் அனுப்பும். அதற்கு முன் உங்களுக்கே போன் பண்ணிக் கேட்பார்கள். எங்களுக்கு வந்த போனில் ஒரு பெண் வரிசையாகக் கேட்டார்: வீடு மட்டமாக இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, ஏசி ஓடுகிறதா, படிக்கட்டு போட்டாயிற்றா, டீலர் சொன்னதில் ஏதாவது பாக்கி இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு என் மனைவி நிதானமாக, “இருக்கிறது, ஒப்பந்தத்தில் இல்லாத தொகை ஒன்றையும் கேட்கிறார்கள், நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை” என்று சொல்லிவிட்டு, அதையே மின்னஞ்சலிலும் அனுப்பினார். அதுவரை ‘மேனேஜர் ஊரில் இல்லை’ என்றிருந்த டீலர் அலுவலகம் மறுநாளே கூப்பிட்டது. ஆங்கர், ஃபவுண்டேஷன் வரிகள் போய்விட்டன. ஏசி யூனிட் நிற்கும் தரை மேடைக்கு மட்டும் கொடுத்தோம். அது ஒப்பந்தத்தில் எங்கள் பொறுப்பு என்று தெளிவாகவே இருந்தது. எனவே வேலை முடியாமல், பில் தீராமல் அந்தச் சான்றிதழில் கையெழுத்துப் போடாதீர்கள். தேதி போடாமல் முன்கூட்டியே கையெழுத்து வாங்கப் பார்ப்பார்கள், அதற்கும் இடம் கொடுக்காதீர்கள்.

ஒப்பந்தத்திலிருந்தே விலகலாமா என்றால், டெக்சாஸ் சட்டம் கையெழுத்திட்ட மூன்றாம் நாளுக்குள் அபராதமின்றி ரத்து செய்ய அனுமதிக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் டெபாசிட் மட்டும் கொடுத்திருந்தால், எழுதிக் கேட்ட 15 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். உங்களுக்காகவே தனியாக ஆர்டர் செய்த வீடு என்றால் மட்டும் உத்தேச ரொக்க விலையில் 5 சதவீதம் வரை பிடித்துக்கொள்ளலாம்.

பணம் போய்விட்ட பிறகும் சில கதவுகள் உண்டு. டீலர் மூலம் போட்ட தவணை ஒப்பந்தமாக இருந்தால், அதில் தடித்த பெரிய எழுத்தில் ‘நோட்டீஸ்’ என்று ஒரு பத்தி இருக்கும். 1976-லிருந்து நடைமுறையில் உள்ள, மத்திய வர்த்தக ஆணையமான எஃப்டிசியின் ஹோல்டர் விதி அது. டீலர்மேல் உங்களுக்கு இருக்கும் புகாரை, அந்த ஒப்பந்தத்தை வாங்கிய லோன் கம்பெனிமேலும் வைக்கலாம். நீங்கள் கட்டிய தொகை வரை திரும்பப் பெறவும் கேட்கலாம். மாநில அளவில், வீட்டு வசதித் துறையின் மேனுஃபேக்சர்டு ஹவுஸிங் பிரிவு டீலருக்கும் இன்ஸ்டாலருக்கும் லைசென்ஸ் கொடுக்கிறது, புகாரும் வாங்குகிறது. தரை சாய்ந்திருக்கிறது, ஆங்கர் குறைகிறது, தண்ணீர் வீட்டடியில் தேங்குகிறது மாதிரியான குறைகளுக்கு அவர்கள் நேரில் வந்து பார்ப்பார்கள். வீட்டைச் சுற்றி முதல் 10 அடிக்கு, அடிக்கு அரை அங்குலம் வீதம் மண் வெளிப்பக்கம் சரிய வேண்டும் என்பது மத்திய அரசின் மாதிரி விதி; டேப்பை வைத்து நீங்களே அளக்கலாம். காசு கொடுத்த வேலை செய்யப்படவே இல்லை என்பதற்கு அவர்கள் ஆய்வறிக்கை நல்ல ஆதாரம். 2000-ஆம் ஆண்டு மத்திய சட்டம் கொண்டுவந்த தகராறு தீர்வுத் திட்டத்தைச் சிலர் இதற்குச் சொல்வார்கள். அது முதல் இன்ஸ்டலேஷனிலிருந்து ஒரு வருடத்துக்குள் தெரிவிக்கப்படும் குறைபாடுகளை யார் சரிசெய்வது என்பதற்குத்தான், பில் சண்டைக்கு உதவாது.

பில் சண்டைக்கு ஜஸ்டிஸ் கோர்ட் என்ற சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது, 20,000 டாலர் வரை அங்கே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் ஷரத்து (கோர்ட்டுக்குப் பதில் நடுவரிடம் போக வேண்டும் என்பது) இருந்தாலும் சிறு வழக்குகளுக்கு அதில் விலக்கு கொடுத்திருக்கிறார்களா என்று படித்துப் பாருங்கள், பலவற்றில் இருக்கும். டெக்சாஸின் நுகர்வோர் ஏமாற்றுத் தடுப்புச் சட்டமான டிடிபிஏ-வின்படி போவதென்றால், வழக்குக்கு 60 நாள் முன்பு புகாரையும் கேட்கும் தொகையையும் எழுதி நோட்டீஸ் அனுப்ப வேண்டும். பல டீலர்கள் அந்த நோட்டீஸிலேயே இறங்கி வருவார்கள்.

உங்கள் விஷயத்தில் வீடு இன்னும் வரவில்லை, லோன் பணமும் போகவில்லை. அந்த 14,600 டாலர் தாளில் கையெழுத்துப் போடாமல், இன்றே வரிவாரி விவரமும் அசல் பில்களும் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். லோன் கம்பெனிக்கும் ஒரு நகல் போடுங்கள். ஒப்பந்தத்தில் டெலிவரி, இன்ஸ்டலேஷன் பற்றிய பத்தியைப் பெயர், முகவரி மறைத்துக் கீழே கருத்தில் போட்டீர்கள் என்றால், எந்தெந்த வரியை எதிர்க்கலாம் என்று படித்துச் சொல்கிறேன்.