வீட்டில் மிச்சம் கிடக்கும் எலி பேஸ்ட், ஆசிட், பூச்சி மருந்தை எப்படி பாதுகாப்பாக தூக்கிப் போடுவது?

அனேகமா வீடு மாறியிருப்பீங்க, முன்னாடி இருந்தவங்க பரண்ல விட்டுட்டு போனது கிடந்திருக்கும். எதுவா இருந்தாலும் கவர்ல சுத்தி மத்த குப்பையோட மட்டும் போட்டுடாதீங்க. எங்க அம்மா தூய்மைப் பணியாளர், காண்ட்ராக்ட் வேலை, குப்பையை வண்டிகிட்டயே நின்னு கையால தான் பிரிப்பாங்க. ஒரு வீட்டுல மிச்ச ஆசிட்டை கூல்டிரிங்க்ஸ் பாட்டில்ல ஊத்தி மூடியை ஒழுங்கா திருகாம போட்டிருக்காங்க, அம்மா பிளாஸ்டிக்கை தனியா எடுக்கணுமேன்னு தூக்கினதும் புறங்கையெல்லாம் வழிஞ்சிடுச்சு. உடனே குழாய்ல ரொம்ப நேரம் கையை காட்டினதால தப்பிச்சாங்க, ஆனா கட்டைவிரலுக்கு கீழ தோல் இன்னும் சுருங்கி பளபளன்னு இருக்கு. கிளவுஸ் போடலையான்னு கேப்பீங்க, எல்லாரும் கேட்டாங்க. குடுக்கறது ஆம்பளை சைஸ், விரல் நுனி தொங்கும், அதை மாட்டிட்டு கேரி பேக் முடிச்சை அவுத்து பாருங்க.

சரி விஷயத்துக்கு வரேன். டாய்லெட் ஆசிட்டை டாய்லெட்லயே கழுவி தீர்த்துடுங்க, ஜன்னலை திறந்து வச்சுக்கோங்க, பிளீச்சிங் பவுடரோட மட்டும் சேர்க்காதீங்க, குளோரின் வாயு வரும். எலி பேஸ்ட் தான் பயங்கரம். மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்ட்டை தமிழ்நாட்டுல தடை பண்ணியாச்சு, ஆனா பழைய டியூப் இன்னும் வீடுகள்ல இருக்கு. அதை எரிக்காதீங்க, பிதுக்காதீங்க, டியூபோட ஒரு டப்பாவுல போட்டு டேப் ஒட்டி மேல "விஷம்"னு பெருசா எழுதுங்க. பூச்சி மருந்தும் வாங்கின பாட்டிலோடயே, சிங்க்ல ஊத்தாதீங்க. தனியா வச்சு, குப்பை எடுக்க வர்றவங்ககிட்ட இன்னது இருக்குன்னு வாயால சொல்லி குடுங்க. 2016 திடக்கழிவு விதிலயே பூச்சி மருந்து டப்பா, டியூப்லைட், பேட்டரி, காலாவதி மாத்திரை எல்லாம் தனியா தான் குடுக்கணும்னு சொல்லிட்டாங்க. "எங்க ஏரியாவுல வாங்க மாட்டாங்க"ன்னு கமெண்ட் வரும், தெரியும். வாங்கலைன்னா குழந்தைக்கு எட்டாத இடத்துல பூட்டி வச்சு வார்டு ஆபீஸ்ல கேளுங்க, காலி மனையில வீசறதுக்கு அது சாக்கு இல்ல.

யாராவது தெரியாம எலி பேஸ்ட்டை வாயில வச்சுட்டா நல்லா தானே இருக்காங்கன்னு வீட்டுல வச்சுக்காதீங்க. முதல் ரெண்டு நாள் சரியான மாதிரி தெரியும், அப்புறம் தான் கல்லீரல் போகும், மாத்து மருந்தும் கிடையாது. உடனே 108.

இனிமே வாங்காம இருக்க, எலிக்கு பொறி போதும், கூடவே சிங்க் பைப்பை சுத்தி இருக்கற ஓட்டையை சிமெண்ட் வச்சு அடைங்க.

அப்புறம் ஒண்ணு, டியூப்லைட்டை உடைச்சு கவர்ல போடற புண்ணியவான்களே, உள்ள பாதரசம் இருக்கு, முழுசாவே குடுங்க. இதை சொன்னதுக்கு தான் ஒரு அபார்ட்மெண்ட் செகரட்டரி "உன் வேலையை மட்டும் பாரு"ன்னு எங்கம்மாவை கேட்ல நிக்க வச்சு கத்தினாரு. அவங்க வேலையே அது தானேங்க?