ரப்பருக்கு டயர் கம்பெனி இருக்கிறது, பிட்காயினுக்கு?

கேள்வி: குலசேகரம் பக்கம் கொஞ்சம் ரப்பர் இருக்கிறது. துபாயில் இருக்கும் மச்சினன், "ஐம்பதாயிரத்துக்கு பிட்காயின் வாங்கிப் போடுங்க அத்தான்" என்று விடாமல் சொல்கிறான். ஒரு காயினே பல லட்சமாம். கையில் தொட முடியாத ஒன்றுக்கு எப்படி இவ்வளவு விலை?

பதில்: முழு காயின்தான் வாங்க வேண்டும் என்றில்லை. ஒரு பிட்காயினைப் பத்துக் கோடித் துண்டாகப் பிரிக்கலாம், ஒரு துண்டுக்கு சடோஷி என்று பெயர். ஐநூறு ரூபாய்க்குக்கூட வாங்கலாம்.

விலை விஷயத்துக்கு வருவோம். உங்கள் ரப்பர் ஷீட்டின் விலை எவ்வளவு சரிந்தாலும் டயர் செய்ய யாருக்காவது அது வேண்டும். பிட்காயினுக்கு அப்படி ஒரு டயர் கம்பெனி கிடையாது. இருப்பது உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கணினிகளில் யாரிடமிருந்து யாருக்கு எத்தனை காயின் போனது என்று ஒரே மாதிரி எழுதப்படும் ஒரு கணக்குப் பேரேடு, சுமார் பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கம். அந்தப் பக்கத்தை எழுதி முடிப்பவருக்குப் புதுக் காயின் கூலியாகக் கிடைக்கும். 2009இல் தொடங்கியபோது அந்தக் கூலி 50 காயின், ஏறக்குறைய நாலு வருடத்துக்கு ஒருமுறை பாதியாகிப் பாதியாகி 2024 ஏப்ரலில் 3.125க்கு வந்துவிட்டது. மொத்தமே 2.1 கோடிதான், அதற்கு மேல் வராது.

தோவாளைச் சந்தையில் ஓணத்துக்கு முந்தின நாள் பிச்சிப்பூ விலை கேட்டிருக்கிறீர்களா? வரத்து கொஞ்சம், கேட்கிற ஆள் நிறைய. பிட்காயினிலும் அதே கதைதான், ஆனால் இங்கே வரத்து எவ்வளவு என்பது முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும், தெரியாதது நாளைக்கு எத்தனை பேர் கேட்டு வருவார்கள் என்பதுதான். 2010இல் ஒருவர் இரண்டு பீட்சாவுக்குப் பத்தாயிரம் காயின் கொடுத்தார். 2021 நவம்பரில் ஒரு காயின் கிட்டத்தட்ட 69,000 டாலர், சரியாக ஒரு வருடத்தில் 16,000 பக்கம் வந்து நின்றது. காயின் மாறவில்லை, கூட்டம் கலைந்தது, அவ்வளவுதான்.

வரியை மச்சினன் சொல்லியிருக்க மாட்டான். ஐம்பதாயிரத்துக்கு வாங்கி எழுபதாயிரத்துக்கு விற்றால், லாபம் இருபதாயிரத்தில் 30 சதவீதமும் அந்த வரியின் மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து 6,240 ரூபாய் போய்விடும். விற்கும்போது விற்ற தொகையில் 1 சதவீதத்தை டிடிஎஸ் என்று முன்கூட்டியே வரியாகப் பிடிப்பார்கள், அதைக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். ஒரு காயினில் விட்ட நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க வழியே இல்லை.

அப்புறம், வாங்குவதானால் மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்த எக்ஸ்சேஞ்சில், அதாவது காயின் வாங்கி விற்கும் இணையதளத்தில் மட்டும். "ஆள் சேர்த்துவிட்டால் கமிஷன், மாதம் பத்து சதவீதம் நிச்சயம்" என்று வாட்ஸ்அப்பில் வருகிற புதுக் காயின் எதுவும் வேண்டாம், சொல்வது சொந்தக்காரராகவே இருந்தாலும். ஏற்கெனவே பணம் போட்டு மாட்டியிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு போன் செய்யுங்கள்.

உங்கள் ஐம்பதாயிரம் மழைக்காலத்தில் பால்வெட்டு நின்றுபோகும் மாதங்களுக்கு எடுத்து வைத்த பணமா? அப்படியென்றால் அதைத் தொடாதீர்கள். உபரிப் பணம்தான் என்றால் ஐயாயிரத்துக்கு வாங்கி ஒரு வருடம் சும்மா பாருங்கள், மச்சினன் கோபித்துக்கொள்ள மாட்டான்.